நெஞ்சு வலி வந்து போனால்…



நெல்லுக்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சினால் பயிர் நன்றாக வேர் பிடிக்கும். நம் இதயத் தசைக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. 1986-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

சோதனை என்ன?

நாய்களின் இதய இரத்தக் குழாயை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்துவிட்டார்கள். இப்படி 4 முறை செய்தபின், 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தார்கள். முன்பழக்கம் இல்லாத நாய்களுக்குச் செத்துப்போன தசையில் கால் பங்குதான் இவற்றுக்குச் செத்தது.

காரணம் என்ன?

இரத்தம் சற்றுக் குறைந்ததும் தசை, அடினோசின் முதலிய பொருள்களை வெளிவிடுகிறது. இவை தசையை எச்சரிக்கின்றன. கையிருப்பைச் சிக்கனமாகச் செலவிடும் குடும்பம்போல, தசையும் சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. இந்தப் பாதுகாப்பு ஒன்றிரண்டு மணி நேரமே நிற்கும். சுமார் 24 மணி நேரம் கழித்துச் சற்றுக் குறைந்த அளவில் திரும்பி வந்து, இரண்டு மூன்று நாள் இருக்கும்.

"அப்போ வலி வந்து வந்து போனா நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை! அதே ஆராய்ச்சியில் 3 மணி நேரம் அடைத்தபோது இந்தப் பாதுகாப்பு பலன் தரவில்லை. மடையை ஒரேயடியாக அடைத்துவிட்டால் எந்தப் பயிர் பிழைக்கும்? இதயம் நமக்குக் கொடுப்பது கொஞ்சம் அவகாசம் மட்டுமே. அதற்குள் ஆஸ்பத்திரி போய் அடைப்பை நீக்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. நடக்கும்போதோ சுமை தூக்கும்போதோ நெஞ்சு அழுத்தி, கை, தாடை வலித்து, பிறகு நின்றுவிட்டதா? "வாயுதான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். அன்றே போய் இ.சி.ஜி. எடுங்கள்.

2. சும்மா இருக்கும்போதே வலி வந்தாலும், ஓய்வெடுத்தும் நிற்காவிட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன.

3. பெண்களுக்கு நெஞ்சு வலி பெரிதாக இல்லாமல் மூச்சு வாங்கல், குமட்டல், அசதி என்றும் வரலாம். "சமையல் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மனைவி சொன்னாலும், கணவர் விட்டுவிடக் கூடாது.

4. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரலாம். காரணமில்லாமல் வியர்த்தால், மூச்சு முட்டினால் காத்திருக்காதீர்கள்.

5. கையில் கயிறு கட்டி இறுக்கினால் இதயம் காக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே கருவிப் பட்டையால் கையை இறுக்கித் தளர்த்திப் பார்த்தார்கள். 5,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த அந்தப் பெரிய ஆய்வு, பலன் இல்லை என்று 2019-இல் காட்டிவிட்டது.

6. பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கணவன், மனைவி இருவருமே சோதித்துக்கொள்ளுங்கள்.

வலி நின்றாலும் வைத்தியம் நிற்கலாகாது!