கம்பியின் மறுமுனையில் இருப்பது யார்?

இரண்டு ரூட்டர்களை ஒரே கம்பியால் நேருக்கு நேர் இணைத்துவிட்டால் நடுவில் வேறு எவரும் இல்லை, ஐயத்திற்கு இடமேது என்று நண்பர்கள் சிலர் எண்ணுகின்றனர். கம்பி நம் ஆய்வுக்கூடத்திற்குள் இருக்கும்வரை அது பொருந்தும். ஊர் கடந்து செல்லும் இணைப்பில் மறுமுனையில் இருப்பது யார் என்று கேட்டறிந்தே ஆகவேண்டும். பி.பி.பி. என்னும் இருமுனை நெறிமுறையில் இதற்குப் பேப், சேப் என இரு வழிகள் உண்டு. 1992-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1334 இரண்டையும் வகுத்துரைத்தது. சேப் முறையைத் திருத்தி உரைக்கும் ஆவணத்தின் எண் 1994. அது வெளிவந்த ஆண்டோ 1996. தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டா.

பேப் மிக எளியது. அழைக்கும் ரூட்டர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் உள்ளபடியே அனுப்பும். மறுமுனை ஒப்பிட்டுப் பார்த்து ஏற்கும், அல்லது மறுக்கும். அசோகவனத்தில் அனுமன் இராமன் சொல்லியனுப்பிய அந்தரங்கச் செய்திகளைச் சொல்லித் தன்னைத் தூதன் என்று மெய்ப்பித்தான். ஓர் அரக்கி விழித்திருந்து அதைக் கேட்டிருந்தால், மறுநாள் அவளும் அதையே சொல்லலாம் அன்றோ? பேப்பின் குறை இதுவே.

சேப் மறைச்சொல்லைக் கம்பியில் அனுப்புவதே இல்லை. சோதிக்கும் ரூட்டர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்போக்கு எண்ணை அனுப்பி அறைகூவும். மறுமுனை, அறைகூவலின் அடையாள எண், மறைச்சொல், வந்த எண் ஆகிய மூன்றையும் சேர்த்து எம்.டி.5 கணிப்பில் இட்டு, கிடைத்த 16 பைட்டு விடையைத் திருப்பி அனுப்பும். சோதிப்பவரும் அதே கணக்கைச் செய்து பார்ப்பார். விடைகள் ஒத்தால் இணைப்பு நிலைக்கும். இடையில் மீண்டும் மீண்டும் அறைகூவவும் இயலும். நேற்றைய விடை இன்று உதவாது. ஆயினும் அறைகூவலையும் விடையையும் பிடித்துவைத்தவன், அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கலாம். ஆதலால் மறைச்சொல் நீளமாகவும் ஊகிக்க அரியதாகவும் இருத்தல் வேண்டும்.

இனிச் சிஸ்கோ ரூட்டரில் செய்முறை. வைகை, யமுனை என்று இரு ரூட்டர்களுக்குப் பெயரிடுவோம். வைகையில் ‘யூசர்நேம் யமுனை பாஸ்வேர்டு’ என்று எழுதி மறைச்சொல்லைத் தருக. யமுனையில் ‘யூசர்நேம் வைகை’ என்று எழுதி அதே மறைச்சொல்லைத் தருக. எழுதவேண்டியது தன் பெயரன்று, எதிராளியின் பெயர். மாணவர் பெரும்பாலும் இடறும் இடம் இது. பிறகு இருபுறமும் சீரியல் இடைமுகத்தில் ‘என்கேப்சுலேஷன் பி.பி.பி.’ என்றும், ‘பி.பி.பி. ஆதென்டிகேஷன் சேப்’ என்றும் இடுக. முதற்கட்டளையை மறந்தால் சிஸ்கோவின் இயல்பான எச்.டி.எல்.சி. முறையே நிற்கும். ‘சேப் பேப்’ என இரண்டையும் சேர்த்து எழுதுவோரும் உளர். எதிர்முனை சேப்பை மறுத்தால் கடவுச்சொல் வெளிப்படையாக வந்து சேரும். ஆகையால் அதை நான் விரும்புவதில்லை.

மறைச்சொல் ஓர் எழுத்து மாறினாலும் கம்பி உயிரோடு இருக்கும், லைன் புரோட்டோகால் மட்டும் ‘டவுன்’ என்று காட்டும். அப்போது ‘டீபக் பி.பி.பி. ஆதென்டிகேஷன்’ இட்டுப் பார்த்தால் அறைகூவல், விடை, முடிவு மூன்றும் வரிசையாகத் தெரியும்.

சீரியல் கம்பிகள் அருகிவிட்டன. எனினும் 1999-இல் ஆர்.எஃப்.சி. 2516 வகுத்த பி.பி.பி.ஓ.இ. வாயிலாக இதே பேப்பும் சேப்பும் வீட்டு அகலப்பட்டை இணைப்புகளுக்கு வந்துவிட்டன.

பாடநூல்கள் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. சேப் கணக்கைச் செய்ய, இரு ரூட்டர்களும் மறைச்சொல்லின் மூலவடிவை வைத்திருந்தே ஆகவேண்டும். மீட்க முடியாதபடி சிதைத்து வைக்கும் ‘யூசர்நேம் சீக்ரெட்’ இங்கே பயன்படாது. ‘சர்வீஸ் பாஸ்வேர்டு என்கிரிப்ஷன்’ இட்டால் கிடைக்கும் ஏழாம் வகை மறைப்போ நொடியில் அவிழ்வது. கம்பியைக் காத்த முறை, பெட்டியைத் திறந்து வைக்கிறது. ஆகவே ரூட்டர் இருக்கும் அறையின் சாவி யாரிடம், அதன் அமைப்புக் கோப்பின் நகல் எந்தக் கணினியில் கிடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். கட்டளைகளை அதன்பின் தட்டலாம்.