நாஸ் பெட்டிக்குப் பூட்டு தேவையா?

வீட்டு நாஸ் (NAS, நெட்வொர்க் வழிக் கோப்புச் சேமிப்பு) பெட்டியின் ஹார்ட் டிஸ்க்குகளை என்கிரிப்ட் செய்யுமுன் யோசிக்க வேண்டியவை:

• என்கிரிப்ட் செய்து பூட்டியிருந்தால், பெட்டி திருடு போனாலும், பழுதான டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்பினாலும் ஆதார், பான், வங்கி ஆவணங்கள் பிறர் கண்ணில் படாது.

• கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேரை என்கிரிப்ஷன் தடுக்காது. பெட்டி ஓடும்போது பூட்டு திறந்தேதான் இருக்கும். தனியாக பேக்கப் அவசியம்.

• சாவியை அதே பெட்டியில் சேமிப்பது, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதுபோல. அச்சிட்டு பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லுங்கள். தொலைந்தால் கோப்புகளும் போச்சு!

• பிராசஸரில் ஏஇஎஸ் என்கிரிப்ஷன் வசதி இருந்தால் வேகம் பெரிதாகக் குறையாது.

• பல பெட்டிகளில் முழு வால்யூமைத் தொடக்கத்திலேயே பூட்டவேண்டும். பிறகென்றால், எல்லாவற்றையும் அழித்துத்தான்.

• சினிமா, பாட்டுக்குப் பூட்டு எதற்கு? ஆவண ஃபோல்டரை மட்டும் பூட்டினால் போதும்.