அங்கியைக் கழற்றலாமா?

கேள்வி: உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஜூனியராக இருக்கிறேன். சென்னையில் தணிக்கையும் வரி ஆலோசனையும் செய்கிற பெரிய நிறுவனம் ஒன்றின் சட்டப் பிரிவில் வேலை வந்திருக்கிறது. "அக்ரிமென்ட் திருத்தியே ஆயுள் போய்விடும், கோர்ட் மறந்துவிடும்" என்கிறார் சீனியர். அங்கே உண்மையில் என்ன வேலை? என் சன்னத் என்ன ஆகும் ஐயா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சன்னத்தைப் பற்றி, அதாவது வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமத்தைப் பற்றி, முதலில் பேசிவிடலாம். இந்திய பார் கவுன்சிலின் 49-வது விதிப்படி, முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது. வேலையில் சேர்ந்ததும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். வேலையை விட்டால் மறுபடி தொடங்கலாம். இடையில், தெரிந்தவர் கேட்டார் என்று ஒரு வக்காலத்தில்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதனால் இழப்பு ஒன்று உண்டு. கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வழக்கறிஞர் வெளியிடாமல் காக்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-வது பிரிவு துணை நிற்கிறது. சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அலுவலருக்கு அது கிடையாது என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளி வழக்கறிஞரிடம் ஆலோசிப்பதற்கு 134-வது பிரிவின் பாதுகாப்பு உண்டு. நீங்களும் உங்கள் நிர்வாகமும் எழுதிக்கொள்வதற்கு இல்லை. ஆகவே அங்கே நீங்கள் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒருநாள் கோர்ட்டில் படிக்கப்படும் என்று நினைத்தே எழுத வேண்டும்.

இனி வேலை. சீனியர் சொன்னதில் பாதி உண்மைதான். பொழுது பெரும்பாலும் என்கேஜ்மென்ட் லெட்டரில், அதாவது வாடிக்கையாளரோடு செய்துகொள்ளும் வேலை ஒப்பந்தக் கடிதத்தில்தான் போகும். ஆனால் ஆலோசனை நிறுவனம் விற்பதே கருத்தைத்தான். அந்தக் கருத்தை யார் நம்பலாம், எதற்கு நம்பலாம், தவறிப்போனால் எவ்வளவு வரை பொறுப்பு என்பதெல்லாம் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது. ஒரு கம்பெனியை வாங்க நினைப்பவருக்காக எழுதிய ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றை, கடன் தரும் வங்கியும் கேட்கும். சும்மா கொடுத்துவிட்டால், கடன் வராமல் போனபிறகு அந்த வங்கி யாரைத் தேடி வரும்? பிரதி தருவதற்கு முன் 'இதை நம்பி எங்கள்மேல் வழக்குப் போடமாட்டோம்' என்று எழுதி வாங்குவது உங்கள் வேலை.

அடுத்தது 'கான்ஃப்ளிக்ட் செக்': புதிய வேலை நலன் முரண்பாட்டைக் கொண்டுவருமா என்று பார்ப்பது. ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்கிறவர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதுவது, உள்தணிக்கை செய்வது, நிர்வாகச் சேவை தருவது ஆகியவற்றை 2013 கம்பெனிகள் சட்டத்தின் 144-வது பிரிவு தடுக்கிறது. ஆலோசனைப் பிரிவின் பங்குதாரர் நல்ல கட்டணத்தோடு ஒரு வேலையைக் கொண்டுவருவார். தணிக்கைப் பிரிவு அதே கம்பெனியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். "முடியாது" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். அவரோ நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவர்! உங்கள் கட்சிக்காரர் நிறுவனம்தான், எதிரே உட்கார்ந்திருக்கும் அந்தப் பங்குதாரர் அல்ல. இந்த வேலையில் கடினமானது இதுதான் என்பேன். அக்ரிமென்ட் திருத்துவதை யாரும் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஆர்தர் ஆண்டர்சன் என்ற நிறுவனத்தின் கதையை அவசியம் படியுங்கள். அமெரிக்காவின் என்ரான் கம்பெனிக்குத் தணிக்கையாளர்கள் அவர்கள். 2001 அக்டோபரில் என்ரான் ஆட்டம் காணத் தொடங்கியபோது, ஆண்டர்சனின் சட்டப் பிரிவு வழக்கறிஞர் ஒருவர், ஆவணங்களை வைத்திருப்பது பற்றிய நிறுவனக் கொள்கையை நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத வரிகள். பின்னர் ஹூஸ்டன் அலுவலகத்தில் காகிதங்கள் மூட்டை மூட்டையாகக் கிழிபட்டன. அதே வழக்கறிஞர் இன்னொரு மின்னஞ்சலில், உள்குறிப்பு ஒன்றிலிருந்து சட்டப் பிரிவுடன் கலந்தாலோசித்ததைச் சொல்லும் இடத்தையும் தம் பெயரையும் எடுத்துவிடுமாறு யோசனை சொன்னார். 2002-இல் ஜூரி நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. கிழித்த காகிதத்தைவிட அந்த இரண்டாவது மின்னஞ்சல்தான் தங்களை அசைத்தது என்று பிறகு ஜூரிகளே சொன்னார்கள். 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜூரிக்குத் தரப்பட்ட அறிவுரை தவறு என்று தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் சுமார் 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் சிதறிப்போயிருந்தது.

வழக்கு, நோட்டீஸ் எல்லாம் வரும். அவற்றை வெளி வழக்கறிஞரிடம் கொடுத்து மேற்பார்வை பார்ப்பீர்கள். வாதாட முடியாது. அது உங்களுக்கு மூச்சு முட்டும் என்றால் போக வேண்டாம்.

நேர்காணலில் இரண்டு கேள்வி கேளுங்கள். சட்டப் பிரிவின் தலைவர் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார்? பங்குதாரர் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்கேஜ்மென்ட் லெட்டர் உங்களிடம் வருமா, பின்னால் வருமா? விற்பனையைக் கவனிக்கும் பங்குதாரருக்குக் கீழே, கையெழுத்துக்குப் பின்னால் என்று பதில் வந்தால் மதுரையிலேயே இருங்கள். இல்லையென்றால் தயங்காமல் சேருங்கள்.