கடை நோட்டும் கணக்கு நோட்டும்

சென்ற ஆண்டு மூன்றாம் பருவத்தில் ஏழாம் வகுப்புக்குச் சதவீதப் பாடம் நடத்தத் தொடங்கியபோது, வளரறி மதிப்பீடு (அ) செயல்பாட்டுக்கு நல்ல யோசனை ஒன்று கிடைத்துவிட்டதாக நினைத்தேன். "நாளை எல்லாரும் உங்கள் வீட்டின் மாத மளிகைப் பட்டியலையோ கடை பில்லையோ கொண்டு வாருங்கள். எதற்கு எத்தனை சதவீதம் செலவாகிறது என்று கணக்கிடுவோம்" என்றேன். ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் 'பட்டியல், இலாபம் மற்றும் நட்டம்' பாடத்தில் பட்டியல் படிக்கக் கற்றவர்கள்தானே, எளிதாகச் செய்துவிடுவார்கள் என்பது என் கணக்கு.

மறுநாள் 38 பேரில் 6 பேர் மட்டும் பில் கொண்டு வந்தார்கள். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இருவர் பள்ளிக்கே வரவில்லை. அவர்களில் ஒரு மாணவியின் ஆயா மதிய இடைவேளையில் வந்து நின்றார். "டீச்சரம்மா, எங்க வீட்டுல பில்லெல்லாம் ஏது? கடையில கடன் நோட்டுதான் இருக்குது. அதை எல்லாப் பசங்க முன்னாடியும் காட்டணுமான்னு புள்ள அழுவுது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எங்கள் பள்ளி இருப்பது மூலக்கொத்தளத்தில். வெளியூர் ஆசிரியர்கள் தாளமுத்து, நடராசன் நினைவிடம் இருக்கும் இடம் என்றால் புரிந்துகொள்வார்கள். கொத்தளம் என்பது மதிலின் காவல் மேடை. பழைய மதராஸின் மதிலைக் கட்டிய செலவுக்கு வரி போட நினைத்ததன் நினைவாகத்தான் பக்கத்தில் வால்டாக்ஸ் சாலை இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறது. பிள்ளைகளின் பெற்றோர் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குபவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்கள். கூலி அன்றன்று வருகிறது. மளிகையும் அன்றன்றுதான் வருகிறது. 'மாத மளிகைப் பட்டியல்' என்பது மாதச் சம்பளம் வாங்கும் என் வீட்டுப் பொருள் என்பது, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய பிறகும், எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலையே செயல்பாட்டை மாற்றினேன். யாரும் எதையும் கொண்டு வர வேண்டாம், என் வீட்டுப் பில்லையே படிப்போம் என்று அறிவித்தேன்.

முந்தைய ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடி ஒன்றுக்குப் போய் வந்த பில் கைப்பையில் இருந்தது. வீட்டில் எழுதிச் சென்ற சீட்டும் கூடவே கசங்கிக் கிடந்தது. இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். போகும்போது நான் போட்ட திட்டம் 1,500 ரூபாய். வந்த பில் 2,140 ரூபாய். சீட்டில் இருந்த பொருள்களுக்கு மட்டும் 1,486 ரூபாய். சீட்டில் இல்லாமல் வண்டிக்குள் வந்து சேர்ந்தவை ஒன்பது: பிஸ்கட் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' 90, நூடுல்ஸ் பெரிய பொட்டலம் 98, உருளைக்கிழங்கு வறுவல் 50, தக்காளி சாஸ் 120, அறைக்கு மணம் தெளிக்கும் பாட்டில் 149, சாக்லேட் 40, பிளாஸ்டிக் டப்பா 79, சூயிங்கம் 10, மஞ்சப்பையை மறந்து போனதால் அங்கேயே வாங்கிய துணிப்பை 18. கூட்டினால் 654 ரூபாய்.

வகுப்பு கலகலப்பானது. டீச்சர் மாட்டிக்கொண்டார் என்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் மகிழ்ச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "வீட்டுக்கு வாசனை எதுக்கு மிஸ்? ஊதுவத்தி இல்லியா?" என்றான் ஒருவன்.

தேவையில்லாமல் வாங்கியது எத்தனை சதவீதம் என்று கேட்டேன். ஒரு குழு ஏறக்குறைய 31 என்றது. இன்னொரு குழு 44 என்று அடித்துச் சொன்னது. இரு குழுவும் சண்டைக்கு நின்றன. முதல் குழு 654-ஐ மொத்தப் பில் 2,140-ஆல் வகுத்திருந்தது. இரண்டாவது குழு சீட்டில் இருந்த பொருள்களின் விலையான 1,486-ஆல் வகுத்திருந்தது. இரண்டும் சரி. 'எதில்' எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லாமல் சதவீதம் சொல்லக் கூடாது என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் வாயால் சொல்லி வந்திருக்கிறேன். அந்த ஆண்டுதான் அது வகுப்பில் இறங்கியது. விளம்பரத்தில் வரும் சதவீதம் எதன் மேல் கணக்கிட்டது என்று அதன்பின் அவர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' எத்தனை சதவீதத் தள்ளுபடி? முக்கால்வாசிப் பேர் 50 என்றார்கள். மூன்றில் ஒன்றுக்குக் காசு இல்லை, ஆகவே 33⅓. சரி, எனக்குத் தேவை ஒரு பொட்டலம்தான், அதன் விலை 45. நான் கொடுத்தது 90. எனக்குக் கிடைத்தது தள்ளுபடியா, கூடுதல் செலவா? இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு பாடவேளை போய்விட்டது. அதற்காக நான் வருந்தவில்லை.

ஏன் சீட்டில் இல்லாதது வண்டிக்குள் வருகிறது என்பதையும் பேசினோம். வாடிக்கையாளரே கடைக்குள் நடந்து பொருளை எடுத்துக்கொள்ளும் முறை 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த 'பிக்லி விக்லி' கடையில் தொடங்கியது. அதுவரை அங்கும் கடைக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார். 1937-ல் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்டுமேன் தள்ளுவண்டியைக் கொண்டு வந்தார். கைக்கூடை கனத்தால் வாங்குவதை நிறுத்திவிடுவோம். வண்டி கனப்பதே தெரியாது. எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் மேசைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் பொருள். வாயால் கேட்டால்தான் கைக்கு வரும். அந்த மேசை நம் பணப்பைக்கு ஒரு வேலிதான் என்றேன். உடனே ஒரு மாணவி, "இல்ல மிஸ், அண்ணாச்சி கடையில முன்னாடி சரம் சரமா தொங்க விட்டிருப்பாரே" என்றாள். உண்மைதான். என் வேலியில் ஓட்டை.

அந்தச் சரங்களே அடுத்த செயல்பாடாயின. காலிப் பொட்டலங்களைச் சேகரித்து வரச் சொன்னேன். இதில் யாருக்கும் கூச்சம் இல்லை, தெருவில் கிடப்பவைதானே. ஆறாம் வகுப்பில் படித்த அலகு முறைப்படி ஒவ்வொன்றின் விலையையும் 100 கிராமுக்கோ 100 மில்லி லிட்டருக்கோ மாற்றினார்கள். கொத்தமல்லித் தூள் 5 ரூபாய்ப் பொட்டலத்தில் 12 கிராம், ஆக 100 கிராம் 41 ரூபாய் 67 காசு. அதே தூள் 100 கிராம் பொட்டலமாக 32 ரூபாய். சிறிய பொட்டலம் எப்போதும் விலை கூடுதல் என்று முடிவு கட்டப் போனார்கள். ஷாம்பு அதைக் கெடுத்தது. 2 ரூபாய்ப் பொட்டலத்தில் 6 மில்லி லிட்டர், அதாவது மில்லி லிட்டருக்கு 33 காசு. 180 மில்லி லிட்டர் பாட்டில் 135 ரூபாய், மில்லி லிட்டருக்கு 75 காசு. மூன்று முறை சரிபார்த்தும் அதே விடை.

கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர்தான் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து எளிய மக்களுக்கும் எட்டச் செய்தவர், அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் தனியே தொழில் தொடங்கி 'சிக்' ஷாம்புவைக் கொண்டு வந்தார் என்ற செய்தியை இங்கே சொன்னேன். நம் ஊர்க் கதை என்றதும் கவனம் கூடியது. பொட்டலத்தின் மேல் அலகு விற்பனை விலையும் அச்சிட வேண்டும் என்பது இப்போது சட்டமுறை எடையளவு விதி. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு எவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு எவ்வளவு என்றும் இருக்கும். அந்த எறும்பெழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் போட்டி வைத்தால் எட்டாம் வகுப்புக்கும் பொருந்தும்.

இதுவரை வகுப்பு எனக்குப் பிடித்தபடி போனது. பிறகு பருப்புக்கு வந்தோம். தெருக் கடையில் துவரம் பருப்பு 100 கிராம் 18 ரூபாய், ஒரு கிலோவாக வாங்கினால் 160. பத்து முறை 100 கிராம் வாங்கினால் 180. 20 ரூபாய் நட்டம், 12.5 சதவீதம். "அப்படியென்றால் எப்படி வாங்குவது நல்லது?" என்று, விடை தெரிந்த கேள்வியாக நினைத்துக் கேட்டேன். கடைசி வரிசை மாணவன் எழுந்து, "ஒரு கிலோ வாங்க ஒரே நாள்ல 160 ரூபா வேணுமே மிஸ்" என்றான்.

அந்தப் பதிலுக்கு மதிப்பெண் அட்டவணையில் கட்டமே இல்லை. முழு மதிப்பெண் கொடுத்தேன்.

கடன் நோட்டைக் கொண்டு வரச் சொன்னதுதான் தவறு. கடன் நோட்டைப் படிக்கக் கூடாது என்பதில்லை. ஆகவே நானே கற்பனையாக ஒரு குடும்பத்தின் ஒரு மாத நோட்டை எழுதினேன். தேதி வாரியாக அரிசி மாவு, தக்காளி, எண்ணெய், சோப்பு, பால். நடுநடுவே 5, 10 என்று 46 வரிகள் தின்பண்டத்துக்கு. மாத மொத்தம் 2,860 ரூபாய். தின்பண்ட வரிகளை மட்டும் பிரித்துக் கூட்டச் சொன்னேன். 340 ரூபாய், ஏறக்குறைய 12 சதவீதம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. 'நோட்டுல எழுதிக்கோங்க' என்று சொல்லி வாங்குவது பெரும்பாலும் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு ஒருத்தி, "ஆனாலும் உங்க வீட்டு சதவீதம்தான் மிஸ் அதிகம்" என்றாள்.

2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு அவள் சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது. இந்தியாவில் ஊரகக் குடும்பங்களின் நுகர்வுச் செலவில் 47.04 சதவீதமும் நகர்ப்புறத்தில் 39.68 சதவீதமும் உணவுக்குப் போகின்றன. அந்த உணவுச் செலவுக்குள் முதலிடம் அரிசிக்கோ பருப்புக்கோ இல்லை. பானங்களுக்கும் தின்பண்டங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும்தான்.

பள்ளிக்கு வராமல் இருந்த மாணவியின் அம்மாவை ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன், மன்னிப்புக் கேட்கத்தான். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். டீ கொடுத்துவிட்டு, தன் கணக்கைத் தானாகவே சொன்னார். ரேஷனில் அரிசிக்குக் காசு இல்லை. பருப்பு கிலோ 30, சர்க்கரை 25, பாமாயில் பாக்கெட் 25. அந்தப் பணத்தைச் சம்பாதித்த முதல் நாளே தனி டப்பாவில் போட்டுவிடுவார். 15-ஆம் தேதி வரும் உரிமைத் தொகை ஆயிரம் நேரே கடை பாக்கிக்கு. கடைக்குப் போகும்போது அன்று வாங்குவதற்கான காசு மட்டும்தான் கையில். "மிச்சக் காசு கூடவே வந்தா அதுவும் கடையிலேயே தங்கிடும் டீச்சர்" என்றார். பிள்ளைகள் கேட்டால் நோட்டில் எழுதக் கூடாது என்று அண்ணாச்சியிடம் சொல்லியும் வைத்திருக்கிறார். செலவுத் திட்டம் என்று நான் பாடம் நடத்த நினைத்த எல்லாம் அந்த ஒற்றை அறையில் நடந்துகொண்டிருந்தது.

அவருடைய பெரிய கவலை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, மீன் வரத்து குறையும், விலை ஏறும், விற்பனை படுக்கும். பொங்கலிலிருந்து நாளைக்கு 40 ரூபாய் எடுத்து வைக்கப் பார்ப்பேன் என்றார். அவர் அனுமதியோடு, யார் என்று சொல்லாமல், அதை வகுப்புக்குக் கொண்டு போனேன். ஜனவரி 15 முதல் ஏப்ரல் 14 வரை 90 நாள், 3,600 ரூபாய். 61 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 59 ரூபாய். 20 நாள் சேமிக்க முடியாமல் போனால்? 2,800, நாளுக்கு 45 ரூபாய் 90 காசு. அதற்குள் என்ன சமைக்கலாம் என்று குழுக்கள் பட்டியல் போட்டன. ரேஷன் பொருள்களை முதலில் எழுதிய குழுக்கள் தாக்குப்பிடித்தன. முட்டையை விட மறுத்த குழு ஒன்று சோப்பைக் குறைத்தது. நான் தலையிடவில்லை.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு சொற்கள். பில், நோட்டு, வருமானம் எதையும் வீட்டிலிருந்து கேட்காதீர்கள். உங்கள் பில்லைக் கொடுங்கள், கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும். 'வீண் செலவு' என்ற சொல்லை ஆசிரியர் முதலில் பயன்படுத்த வேண்டாம். எது வீண் என்பதில் பிள்ளைகளிடையே வந்த வாதம்தான், பிறந்தநாள் கேக் வீணா என்பது உட்பட, எனக்கு மதிப்பிட நல்ல இடமாக இருந்தது.

பருப்புக் கணக்கு அதோடு முடியவில்லை. கடைசி வரிசை மாணவனின் குழு மறுவாரம் ஒரு யோசனையோடு வந்தது. நான்கு வீடு சேர்ந்து ஒரு கிலோ வாங்கினால் வீட்டுக்கு 250 கிராம் 40 ரூபாய். தனித்தனியே வாங்கினால் 45. ஐந்து ரூபாய் மிச்சம். திருவல்லிக்கேணியில் 1904-ல் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் கிட்டத்தட்ட இந்த எண்ணத்தில்தான், இன்று டி.யூ.சி.எஸ். என்று பெயர்ப்பலகையில் பார்க்கிறீர்களே அதுதான் என்றேன். அவர்களுக்கு வரலாறு முக்கியமில்லை. நான்கு பங்காகப் பிரிக்க யார் வீட்டில் தராசு இருக்கிறது என்பதுதான் சிக்கல். அறிவியல் ஆய்வகத் தராசைச் சனிக்கிழமை தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் பேசி வருகிறேன்.