துப்பாக்கியைப் பார்சலில் அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து அகல் விளக்கு, கொலு பொம்மை என்று தவறி விழுந்தால் உடையும் சரக்கையெல்லாம் வைக்கோல் வைத்துக் கட்டி வெளியூர் அனுப்புகிறோம். பாட்டனாரின் இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது என் பெயரில், உரிமத்தோடு இருக்கிறது. விசை பழுதாகிவிட்டதால் சென்னையில் சரிசெய்ய வேண்டும். நல்ல தொகைக்குக் காப்பீடு செய்து, அதையும் பார்சலில் அனுப்பினால் என்ன? பழுதான துப்பாக்கிக்குச் சட்டமெல்லாம் கிடையாது என்கிறார் நண்பர். சரியா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: பீங்கான் அனுப்பிப் பழகிய ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான். பொருளைக் கட்டுவதில் உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கி விஷயத்தில் கட்டுவது கடைசி வேலை.

முதலில் நண்பரின் வாதத்தைப் பார்த்துவிடலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45ஆம் பிரிவில், பழுதான சில ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருப்பவற்றுக்குத்தான் அந்த விலக்கு. உங்களுடையது பழுது பார்த்தால் சுடும். அதற்காகத்தானே அனுப்புகிறீர்கள்? ஆகவே, விசை ஓடாத இன்றைக்கும் சட்டத்தின் கண்ணில் அது முழுத் துப்பாக்கி.

அடுத்தது பார்சல். பொம்மை யார் கையில் இருந்தாலும் குற்றமில்லை. துப்பாக்கியை உரிமம் இல்லாதவர் வைத்திருப்பதே குற்றம். பார்சல் அலுவலகம், கிடங்கு, லாரி என்று அது மாறிப் போகும் கைகளுக்கு உரிமம் ஏது? கூரியர் நிறுவனங்கள் பொதுவாக ஆயுதங்களை ஏற்பதில்லை. ‘இயந்திர பாகம்’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பினாலோ, காப்பீடும் கைவிட்டுவிடும். உண்மையை மறைத்துப் பெற்ற காப்பீட்டில் இழப்பீடு மறுக்கப்படும். சட்டம் தடுக்கும் நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 23ஆம் பிரிவு. எவ்வளவு பிரீமியம், அதாவது காப்பீட்டுக் கட்டணம், செலுத்தியிருந்தாலும் பயனில்லை.

சரியான வழியை ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. உரிமம் பெற்றவர் தாமே துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். முடியாவிட்டால், அவர் எழுத்தில் தரும் அனுமதியோடு வேறொருவர் பழுதுபார்க்கக் கொண்டு செல்லலாம். அவருக்குத் தனி உரிமம் தேவையில்லை. மகனை அனுப்புகிறீர்கள் என்றால் அவர் பெயர், துப்பாக்கியின் வரிசை எண், உரிம எண், போகும் கடை, நோக்கம், தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். உரிமத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். உரிமம் செல்லுபடியாகும் காலத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். அது இல்லாமல் பழுதுபார்ப்பவருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். கைராசிக்காரர் என்று பேர் வாங்கிய, ஆனால் உரிமம் இல்லாத பட்டறைக்காரரிடம் கொடுத்தால், அவரையும் உங்களையும் சேர்த்தே சிக்கலில் மாட்டிவிடுவீர்கள்.

இனி காப்பீடு. 1980களின் நடுவிலிருந்து தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது பெரும்பாலும் தடைப்பட்டிருக்கிறது. அதனால் உங்களுடையது போனால், அதே போன்ற இன்னொன்றைக் கடையில் வாங்கிவிட முடியாது. பழைய துப்பாக்கிக்கு ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையில், அதாவது இழப்பு நேர்வதற்கு முன்பே இரு தரப்பும் தொகையை நிர்ணயித்துக்கொள்ளும் முறையில், காப்பீடு கிடைக்குமா என்று கேளுங்கள். உரிமம் பெற்ற ஆயுத வணிகர் ஒருவரிடம் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பழுது பார்ப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்; பிறகு வாங்கினால் முன்பிருந்த நிலையை நிரூபிக்க முடியாது.

பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. ‘ஆல் ரிஸ்க்’ பாலிசி என்றால் எல்லா ஆபத்துக்கும் காப்பு என்றுதான் பெயரைக் கேட்டதும் தோன்றும். ஆனால் இத்தகைய பாலிசிகள் பலவற்றில் துரு, தேய்மானம், சுத்தம் செய்யும்போதோ பழுதுபார்க்கும்போதோ ஏற்படும் சேதம் ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். பயணத்துக்குக் காப்பு இருக்கும், பட்டறை மேசைக்கு இருக்காது. அங்கே உங்களுக்குத் துணை ரசீதுதான். ஒப்பந்தச் சட்டத்தின்படி, பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு, அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். ரசீதில் வரிசை எண், குழல்கள், கட்டை, ஏற்கெனவே உள்ள கீறல்கள், செய்ய வேண்டிய வேலை அனைத்தையும் எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கட்டும் வேலை. இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்; தோட்டாவை உடன் எடுத்துச் செல்ல வேண்டாம். குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றி, எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, பூட்டுள்ள கெட்டிப் பெட்டியில் வையுங்கள். பீங்கானுக்கு நல்லதான வைக்கோல் இங்கே ஆகாது. அதிலுள்ள ஈரம் இரும்பில் துரு ஏற்றும். மரக்கட்டை, கைப்பிடி போல மெலியும் இடத்தில்தான் எளிதில் விரிசல் விடும். அங்கே கூடுதல் மெத்தை கொடுங்கள். வழியில் பெட்டியை வண்டியில் தனியாக விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

தொலைந்துபோனால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் புகார், கடிதம் இரண்டின் நகல்கள் இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையைத் திறந்தே பார்க்காது. எந்த நேரத்தில் துப்பாக்கி யார் கையில், எந்தக் காகிதத்தின் பலத்தில் இருந்தது என்று உங்களால் காட்ட முடிந்தால், அதைவிடப் பெரிய காப்பீடு அதற்கு வேறில்லை.