மலைக்கு ஒரு சட்டி போதும்

போடிமெட்டு ஏறி, பூப்பாறையில திரும்பி எங்க சாந்தன்பாறைக்கு வர்ற பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். 2022-ல கள்ளிப்பாறையில குறிஞ்சி பூத்தப்போ வந்த கூட்டத்தைக் கேக்கவே வேண்டாம். முதுகுல ஒரு பை, பைக்குள்ள வீட்டு அடுப்படியே இருக்கும். குக்கர், தோசைக்கல்லு, நாலு கரண்டி. பாதி ஏத்தத்துல மூச்சு வாங்கி, "அக்கா, இந்தக் குக்கரை வெச்சிருங்க, திரும்பி வரும்போது எடுத்துக்கிறோம்"னு வாசல்ல வந்து நிப்பாங்க. வெச்சுட்டுப் போங்க தம்பிகளா. ஆனா அடுத்த தடவை மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேட்டுக்கோங்க.

1. என்ன சமைக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. பாத்திரம் அப்புறம். கட்டன்சாயா, கஞ்சி, உப்புமா, நூடுல்ஸ் எல்லாத்துக்கும் ஒரே சட்டி போதும். ஒத்தை ஆளுக்கு 1 லிட்டர், மூணு பேருக்கு 2 லிட்டர். முக்கால் பாகத்துக்கு மேல நிரப்பாதீங்க, பொங்கி அடுப்பு அணைஞ்சிடும்.

2. மட்டை அரிசியும் துவரம்பருப்பும் வீட்டுலயே இருக்கட்டும். மேல போகப் போக தண்ணி சீக்கிரம் கொதிக்கும், ஆனா சூடு குறைச்சல். கொலுக்குமலை மாதிரி 7,000 அடிக்கு மேல சுமார் 93 டிகிரியிலேயே தளதளன்னு கொதிச்சிடும். கொதிக்குதேன்னு நீங்க சந்தோஷப்படுவீங்க, பருப்பு கல்லு மாதிரி கிடக்கும், கேஸ்தான் தீரும். அவல், ரவை, வறுத்த சேமியா கொண்டு வாங்க. பருப்பு இல்லாம முடியாதுன்னா பாசிப்பருப்பை ஊறப்போட்டு வேகவைங்க. ஜீப்புல வந்து ஒரே இடத்துல தங்குறவங்க மட்டும் சின்னக் குக்கர் எடுத்துக்கலாம். முதுகுல சுமக்குறவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

3. புதுசா வாங்க ஓடாதீங்க, பரண்ல தேடுங்க. ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைங்க கையில பாருங்க, எவர்சில்வர் தூக்குவாளி. மூடி இறுக்கமா உக்காரும், அதுவே தட்டாகவும் ஆகும். கம்பிப் பிடியைப் பையில மாட்டிக்கலாம். உள்ள டம்ளர், அதுக்குள்ள சாயாப்பொடி, சர்க்கரை, தீப்பெட்டி எல்லாம் அடங்கிடும். காலிப் பாத்திரத்தைச் சுமக்குற ஆளைக் கண்டா எனக்குக் கோபமே வரும். ஒண்ணு மட்டும் கவனம்: பிடி பக்கவாட்டுல சாஞ்சு கிடந்தா தீயில பழுத்துடும், நிமிர்த்தியே வைங்க. அடி மெல்லிசு, உப்புமாவுக்குத் தீயைக் குறைச்சுக் கிண்டிக்கிட்டே இருக்கணும்.
   - அலுமினியம் லேசு, சூடும் சீராப் பரவும். ஆனா புளியும் எலுமிச்சையும் பட்டா ருசி கெடும். அதுல புளிசாதம் கட்டி வராதீங்க. ஹார்டு அனோடைஸ்டு வகைக்கு அந்தத் தொல்லை குறைவு.
   - டைட்டானியம் ரொம்ப லேசு, விலையும் கூடுதல். வெந்நீருக்குச் சரி. கஞ்சி வெச்சா நடுவுல மட்டும் தீயும்.
   - நான்ஸ்டிக் வேண்டாம். எவர்சில்வர் கரண்டி பட்டாலே கீறல் விழுந்துடும்.
   - ஈயம் பூசாத பித்தளையில சமைக்கவே கூடாது.

4. பிளாஸ்டிக் கைப்பிடி, ரப்பர் வளையம் இருந்தா ஒதுக்கிடுங்க. உருகி ஒழுகும். ஒரு இடுக்கியும் பிடிதுணியும் போதும். அடி அகலமாவும் உயரம் கம்மியாவும் பார்த்து எடுங்க. என் தம்பி ஒரு தடவை ஒல்லியான சொம்பைச் சின்ன அடுப்புல வெச்சு, அது சாஞ்சு முழங்கால்ல கொதிதண்ணி கொட்டிடுச்சு. ஒரு மாசம் காலை மடக்க முடியலை.

5. கேஸ் அடுப்பு விஷயத்துல பிடிவாதம் பிடிக்காதீங்க. கேன் மேலேயே உக்காருற அடுப்பு இருக்கே, அதைச் சுத்திக் காத்துக்குத் தகடு மறைச்சா சூடு கேனுக்குத் திரும்பி வெடிக்கும். காத்து வர்ற பக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளி மறைப்பு வைங்க. விடியக்காலைக் குளிர்ல வெறும் பியூட்டேன் மக்கர் பண்ணும். ஐசோபியூட்டேன் கலந்தது வாங்குங்க. மழைன்னு டென்ட்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்கவே கூடாது, புகையில்லாத விஷவாயு தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்.

   இப்போ போடி வரைக்கும் ரயில் ஓடுதேன்னு கேனைப் பையில ஒளிச்சு வைக்காதீங்க. 2023 ஆகஸ்ட் 26-ல மதுரை ஸ்டேஷன்ல நின்ன சுற்றுலாப் பெட்டியில, திருட்டுத்தனமாக் கொண்டு வந்த சிலிண்டரால 9 உயிர் போச்சு. ரயில்ல வர்றவங்க அடுப்பையே விட்டுட்டு வாங்க. அவலை நனைச்சு, வெல்லமும் தேங்காயும் போட்டா வயிறு நிறையும், சட்டியும் வேண்டாம்.

6. விறகு மூட்டுறது காட்டுல கூடவே கூடாது. 2018 மார்ச் 11, குரங்கணி. கொலுக்குமலைப் பக்கம் நடந்து வந்த பிள்ளைங்கள்ல 23 பேர் அந்தக் காட்டுத்தீயில போனாங்க. மார்ச் மாசத்து மலைப்புல்லு எவ்வளவு வேகமா எரியும்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். தங்குற வீட்டு முத்தத்துல, வீட்டுக்காரங்க சம்மதத்தோட மூட்டுங்க. சட்டிக்கு வெளிப்பக்கம் மட்டும் சோப்பைக் குழைச்சுத் தடவிட்டு ஏத்துங்க, கரி துணியால துடைச்சாலே வந்துடும்.

7. ஓடையில பாத்திரம் கழுவாதீங்க. கீழ ஆளுங்க குடிக்கிற தண்ணி அது. ஒட்டினதைக் காகிதத்தால வழிச்சு எடுத்து, கொஞ்சம் தண்ணியில தள்ளிப் போய்க் கழுவுங்க. சோப்பு வேண்டாம்.

எச்சில் சட்டியை டென்ட் வாசல்ல போட்டுட்டுத் தூங்குறதைத்தான் என்னால தாங்கவே முடியலை. வாசனைக்கு யானை வந்துடும். பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடையை அரிசிக்காகத் திரும்பத் திரும்ப உடைச்ச அரிக்கொம்பன்ங்கிற யானையை, 2023 ஏப்ரல் 29-ல சின்னக்கானால்ல மயக்க ஊசி போட்டுப் பிடிச்சுக் கொண்டு போனாங்க. அவன் போயிட்டான், மத்த யானைங்க இங்கதான் இருக்கு. அரிசி, வெல்லம், பழம் எதையும் டென்ட்டுக்குள்ள வைக்காதீங்க. இருட்டுறதுக்குள்ள சாப்பிட்டு, சட்டியைக் கழுவிக் கவுத்துடுங்க. மிச்ச அரிசியை எங்க வீட்டுல கொடுத்துட்டுப் போங்க. காலையில கஞ்சி வெச்சு, சுட்ட அப்பளத்தோட தர்றேன்.