குழந்தையின் அணையாடை: துணியா, டயாப்பரா?

பிறந்த குழந்தை நாளொன்றுக்குப் பல தடவை சிறுநீரும் மலமும் கழிக்கிறது. அவ்வீரம் மென்மையான தோலில் தங்காமல் காப்பதே அணையாடையின் பணி. முற்காலத்தில் பழைய வேட்டியையும் சேலையையும் கிழித்து, துவைத்து, மடித்துக் கட்டினர். இன்று ஒரு முறை உபயோகித்து எறியும் டயாப்பர் சிறு கடைகளிலும் கிடைக்கிறது. இவ்விரண்டில் எது ஏற்றது என்று தாய்மார் கள ஊழியரை வினவுகின்றனர். தோலின் நலம், நீர், கழிவு, செலவு ஆகிய நான்கையும் சீர்தூக்கிய பின்னரே இதற்கு விடை கூறல் வேண்டும். தமிழ் பேசுவோர் பலர் வாழ்வதும் வீடுகள் நெருங்கியதுமான பெங்களூரின் நீலசந்திராவை உதாரணமாகக் கொள்வோம்.

தோலின் நலம்

ஈரத்தில் ஊறிய தோல் உராய்வைத் தாங்காது. சிறுநீரிலுள்ள யூரியா, மலத்திலுள்ள நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியாவாகிறது. அதனால் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. அந்நிலையில் மலத்திலுள்ள என்சைம்கள் வீறு பெற்றுத் தோலை அரிக்கின்றன. இவ்வாறே அரையிடுக்கில் புண் தோன்றுகிறது.

டயாப்பர் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் தோல் அதிக நேரம் உலர்ந்திருக்கிறது. ஆனால் வெளியே ஈரம் தெரியாமையால் அதை மாற்றாமல் விட்டுவிடும் பழக்கமும் உண்டாகிறது. துணியோ நனைந்ததை உடனே அறிவிக்கும். உடனே மாற்றாவிடில் அதுவும் தீங்கே. எதுவாயினும், மலம் கழித்தவுடன் மாற்றுதலும், மற்ற வேளைகளில் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பார்த்தலும் இன்றியமையாதன. செந்நிறப் புண்ணைச் சுற்றிச் சிறு பொட்டுகள் தோன்றினால் பூஞ்சைத் தொற்று இருக்கலாம்; மருத்துவரிடம் காட்டுக.

வகுப்பில் ஒரு சோதனை

உபயோகிக்காத டயாப்பர் ஒன்றைக் கத்தரித்தால் மூன்று பகுதிகளைக் காணலாம்: ஈரத்தை உள்ளே விடும் மேலுறை, மரக்கூழ்ப் பஞ்சு, நீர் கசியாத பிளாஸ்டிக் அடியுறை. பஞ்சினூடே வெண்ணிறப் பொடி கலந்திருக்கும். இது சோடியம் பாலிஅக்ரிலேட். பொடி பறந்து மூக்கில் ஏறாதபடி ஆசிரியரே இதைப் பிரித்துக் கண்ணாடிக் குவளையில் இடுக. நீர் வார்த்தால் பொடி வீங்கிக் கூழாகும். அதில் உப்பைத் தூவினால் கூழ் இளகி நீரை விட்டுவிடும். உப்புக் கலந்த சிறுநீரை இப்பொடி தூய நீரளவுக்கு உறிஞ்சாது என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

நீரும் வெயிலும்

பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்புகளால் மேலேற்றப்பட்டு வருகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரம் கடும் நீர்ப் பஞ்சத்துக்கு உள்ளாயிற்று. ஒரு நாளைய துணிகளை அலச 15 லிட்டர் வாளியில் மூன்று வாளி வேண்டும் எனக் கொண்டால், 45 லிட்டர் ஆகும். கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களுக்கு ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். இதில் மூன்றிலொரு பங்கு அணையாடைக்கே செலவாகும். குடத்தில் நீர் சுமக்கும் தாய்க்கு இது சிறு சுமையன்று. மொட்டை மாடியோ முற்றமோ இல்லாத வீட்டில், மழைக்காலத்தில் துணி உலராது. ஈரம் மாறாத துணியைக் கட்டுதல் கூடாது.

கழிவு

நாளொன்றுக்கு எட்டு டயாப்பர் எனில் மாதத்துக்கு 240. நனைந்தது ஒன்று 150 கிராம் எனக் கொண்டால், ஒரு குழந்தையால் சேரும் கழிவு 36 கிலோ. இது எங்கே போகிறது? பெங்களூரின் குப்பையைக் கொட்டிய மாவள்ளிபுராவில் 2012-லும் மண்டூரில் 2014-லும், கிராமத்தாரின் எதிர்ப்பைத் தொடர்ந்து, கொட்டுவது நிறுத்தப்பட்டது. 2015-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் வீடுகளிலேயே குப்பையைப் பிரிக்க உத்தரவிட்டது. மக்கும் குப்பை பச்சைத் தொட்டியிலும், டயாப்பர் போன்றவை சிவப்புத் தொட்டியிலும், உலர் குப்பை பையிலும் சேர்க்கப்படலாயின. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் டயாப்பரைச் சுகாதாரக் கழிவாக வகுத்து, பாதுகாப்பாகச் சுற்றித் தருமாறு கூறின. பிரிக்காத குப்பையில் கலந்த மலத்தைத் தம் கையால் தொடுபவர் துப்புரவுத் தொழிலாளரே என்பதை எவரும் மறத்தலாகாது.

இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால்

பிரிட்டனில் 2008-இல் வெளியான ஆய்வின்படி, வளிமண்டலத்தை வெப்பமாக்கும் வாயுக்களின் அளவில் இரண்டுக்கும் பெரும் வேறுபாடில்லை. ஆனால் துணியை வெயிலில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியே மேம்பட்டது. மின்சார உலர்த்தியில் காயவைத்தால் அம்மேன்மை போய்விடும். 2023-இல் வெளியான புதிய ஆய்வு, துணியால் உண்டாகும் வெப்பவாயு சுமார் 25 சதவீதம் குறைவு எனக் கண்டது. நம் நாட்டில் வெயில் விலையின்றிக் கிடைப்பது துணிக்குச் சாதகமே.

ஊழியர் கூறத்தக்கவை

1. நீரும் வெயிலும் உள்ள வீட்டில் பகலில் துணியே போதும். 24 துணிகள் இருந்தால் நாள்தோறும் துவைத்துச் சமாளிக்கலாம்.
2. இரவு, பிரயாணம், மழைக்காலம், நீர்ப் பஞ்சம் ஆகியவற்றில் டயாப்பரை உபயோகிப்பது குற்றமன்று. தாயைக் கடிந்து பேசாதீர்.
3. துணியாயினும் டயாப்பராயினும் மலத்தை முதலில் கழிப்பிடத்தில் தள்ளுக. பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.
4. துணியை வெந்நீரிலும் சோப்பிலும் துவைத்து, சோப்பு நீங்க அலசி, வெயிலில் உலர்த்துக.
5. டயாப்பரைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புக் குறியிட்டுத் தனியே தருக. சாக்கடையிலோ கழிப்பிடத்திலோ போடலாகாது; எரிக்கவும் கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. துணியாயினும் டயாப்பராயினும் நேரத்துக்கு மாற்றாவிடில் புண் உண்டாவது ஏன்?
2. உம் ஊரில் ஒரு டயாப்பரின் விலையைக் கேட்டறிந்து, 240 டயாப்பருக்கு ஆகும் செலவையும், 24 துணிகளுடன் ஒரு மாதச் சோப்புக்கு ஆகும் செலவையும் கணக்கிட்டு ஒப்பிடுக.